ழாக் பிளான்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் சரிபார்த்த பதில்களும்

ஐஸ் ஹாக்கி கோல்காப்பாளர் ழாக் பிளான்ட்டைப் பற்றித் தமிழில் குறிப்புகள் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. வினாடி வினா தயாரிப்பவர்கள், விளையாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள், பள்ளிக் கட்டுரைக்காகப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் எனப் பலரும் கேட்டவை இவை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

பிளான்ட்டைப் பற்றிப் புழங்கும் தவறுகளைத் துருவிப் பார்த்தால் முழுப் பொய் அரிதாகவே அகப்படும். சரியான வாக்கியத்திலிருந்து ஒரு சொல் எங்கோ உதிர்ந்துபோயிருக்கும். உதிர்ந்த சொல்லைத் தேடி அதன் இடத்தில் வைப்பதைத்தான் இங்கே பெரும்பாலும் செய்திருக்கிறேன்.

முதலில் இவர் யார் என்று சொல்லுங்கள். ஐஸ் ஹாக்கியே எனக்குப் புதிது.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு ஒன்றைப் பனித்தரையில் மட்டையால் அடிப்பார்கள். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள கோல்கூண்டின் முன் நின்று அதைத் தடுப்பவர் கோல்காப்பாளர். வட்டு தரையோடும் வரும், முகத்துக்கு நேராகவும் வரும்.

ழாக் பிளான்ட் கனடாவின் கியூபெக் மாகாணத்தவர்; 1929 முதல் 1986 வரை வாழ்ந்தவர். என்.எச்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசிய ஹாக்கி லீக்கில், மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் கோல்காப்பாளராக 1950களில் உச்சத்தில் இருந்தார். கோல்காப்பாளர் முகக்கவசம் அணிவதை அந்த லீக்கில் வழக்கமாக்கியவர் அவர்தான். 1978இல் ஹாக்கி புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். அவர் அணிந்த 1ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கனடியன்ஸ் அணி 1995இல் அறிவித்து, அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது.

பெயரை எப்படி எழுதுவது? ஜாக்குவஸ் பிளான்டே என்று ஒரு பத்திரிகையில் பார்த்தேன்.

ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்ததால் வந்த வடிவம் அது. அவர் பிரெஞ்சு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சில் முதற்பெயர் 'ழாக்', குடும்பப் பெயர் 'பிளான்ட்'. பிரெஞ்சு ஒலியை எழுத நமக்கு ழகரம் கைகொடுக்கிறது. வேறு பல மொழிகளுக்கு அந்த வசதி இல்லை. ஆங்கில வர்ணனையாளர்கள் 'ஜாக்' என்பதால் 'ஜாக் பிளான்ட்' என்று எழுதினாலும் பெரிய பிழை இல்லை. 'ஜாக்குவஸ்' மட்டும் வேண்டாம்.

ஞானஸ்நானப் பெயர் ழோசஃப் ழாக் ஓமெர் பிளான்ட். பழைய ஆவணங்களில் முதலில் 'ழோசஃப்' வருவதைப் பார்த்து வேறு ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். கியூபெக்கின் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை முன்னே சேர்ப்பது அன்று பரவலான வழக்கம்.

பிறந்த ஊர் ஷாவினிகனா, மோன் கார்மெலா? இரண்டு விதமாகவும் இருக்கிறதே.

1929 ஜனவரி 17 அன்று அவர் பிறந்தது நோத்ர் டாம் டு மோன் கார்மெல் என்னும் சிற்றூருக்கு அருகிலிருந்த ஒரு பண்ணையில். பின்னர் குடும்பம் பக்கத்திலிருந்த ஷாவினிகன் ஃபால்ஸ் என்ற தொழிற்சாலை நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை ஆலை வேலைக்குப் போனார். பதினொரு பிள்ளைகளில் ழாக் மூத்தவர். ஆகவே 'பிறந்தது மோன் கார்மெல், வளர்ந்தது ஷாவினிகன் ஃபால்ஸ்' என்று எழுதினால் இரண்டு செய்திகளும் அடங்கிவிடும்.

ஆஸ்துமா இருந்ததால்தான் கோல்காப்பாளர் ஆனார் என்பது கட்டுக்கதை மாதிரி இல்லையா?

கட்டுக்கதை அல்ல. மற்ற ஆட்டக்காரர்களைப் போல நெடுநேரம் சறுக்கி ஓட மூச்சு இடம் கொடுக்கவில்லை. நின்ற இடத்தில் ஆடும் வேலை கோல்காப்பாளருடையது; சிறுவன் அங்கே போய் நின்றான். ஐந்து வயதில் ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்ததும் உண்மை. எலும்பு சரியாகக் கூடாமல் பல ஆண்டுகள் அந்தக் கை முழுதாகத் திரும்பவில்லை. வளர்ந்த பிறகுதான் அறுவை சிகிச்சையில் சரியானது.

குடும்பத்தின் வறுமையும் மிகைப்படுத்தப்பட்டது அல்ல. முதல் கால்காப்பு, உருளைக்கிழங்குச் சாக்கை அடைத்துத் தைத்து உள்ளே பலகைத் துண்டு செருகியது. முதல் மட்டையை மரவேரிலிருந்து தந்தை செதுக்கிக் கொடுத்தார். வீட்டில் தாயிடம் பின்னல் கற்றுக்கொண்டு, குளிருக்கான கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னி அணிந்தார். பெரிய ஆட்டக்காரர் ஆன பிறகும் பின்னுவதை விடவில்லை. அந்தத் தொப்பிதான் 1952இல் கனடியன்ஸ் பயிற்றுநர் டிக் இர்வினோடு முதல் உரசலுக்குக் காரணம். தன் அணிக்காரர் தொப்பி போட்டு ஆடக் கூடாது என்றார் இர்வின். முதல் ஆட்டத்துக்கு முன் பிளான்ட்டின் தொப்பிகள் உடைமாற்றும் அறையிலிருந்து காணாமல் போயிருந்தன. அப்போது தொப்பி இல்லாமல் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து அவர் விட்டது நான்கு கோல்தான்.

முகக்கவசம் அணிந்த முதல் கோல்காப்பாளர் இவர்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். அதிகம் தவறாக எழுதப்படுவதும் இதுதான். இல்லை, முதல்வர் இவர் அல்லர். மான்ட்ரியல் மரூன்ஸ் அணியின் கிளின்ட் பெனடிக்ட், ஹோவி மோரென்ஸ் அடித்த வட்டு முகத்தில் பட்டுக் காயமடைந்த பிறகு, 1930இல் தோலால் ஆன கவசம் ஒன்றை அணிந்து என்.எச்.எல். ஆட்டங்களில் ஆடினார். அது பார்வையை மறைத்ததால் சில ஆட்டங்களோடு கழற்றி வைத்துவிட்டார். லீக்குக்கு வெளியே பார்த்தால் இன்னும் முந்தைய பெயர் கிடைக்கும்: கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக மகளிர் அணியின் எலிசபெத் கிரஹாம், 1927இல் வாள்வீச்சுக்காரர்கள் அணியும் கம்பிவலைக் கவசத்தோடு கோல்கூண்டின் முன் நின்றார். 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் ஜப்பானின் தெய்ஜி ஹொன்மாவும் கவசம் அணிந்திருந்தார்.

அப்படியானால் பிளான்ட்டின் பங்கு என்ன? உதிர்ந்த சொல் 'தொடர்ந்து' என்பது. என்.எச்.எல். ஆட்டங்களில் முகக்கவசத்தைத் தொடர்ந்து அணிந்த முதல் கோல்காப்பாளர் அவர். இந்தச் சொல்லைச் சேர்த்தால் அவர் பெருமை குறைவதில்லை. பெனடிக்ட்டின் கவசம் அவரோடு நின்றுபோனது. பிளான்ட்டின் கவசத்துக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அணிந்தார்கள். கவசமில்லாமல் என்.எச்.எல். ஆட்டம் ஆடிய கடைசிக் கோல்காப்பாளர் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸின் ஆண்டி பிரவுன். அது 1974 ஏப்ரலில்.

இதோடு ஒரு சொல் விஷயம். 'முகமூடி' என்று எழுதுவதும் வழக்கில் இருக்கிறது. மூடி மறைப்பதற்காக அணிவது முகமூடி. அடி தாங்க அணிவது கவசம். நான் 'முகக்கவசம்' என்றே எழுதுகிறேன்.

1959இல் அந்த ஒரு நாளில் அப்படி என்னதான் நடந்தது?

1959 நவம்பர் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம், ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். தொடங்கி மூன்று நிமிடம் போலத்தான் ஆகியிருந்தது. ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்ட்டின் முகத்தில் பட்டு மூக்கை உடைத்தது. பனித்தரையில் ரத்தம். அவரை அழைத்துப்போய்த் தையல் போட்டார்கள். அரங்கம் முழுக்கக் காத்திருந்தது. அன்று அணிகள் மாற்றுக் கோல்காப்பாளரைக் கையோடு அழைத்து வருவதில்லை. உள்ளூர் அணி ஏற்பாடு செய்து வைத்திருக்கும் ஒருவர்தான் அவசரத்துக்கு. அந்த ஆளை நம்பி ஆட்டத்தை ஒப்படைக்கப் பயிற்றுநர் டோ பிளேக்குக்கு மனமில்லை.

கவசம் அன்று முளைத்த யோசனை அல்ல என்பதைக் கவனியுங்கள். மூக்கையொட்டிய எலும்புக்குழிகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, பிளான்ட் பயிற்சிகளில் ஏற்கெனவே கவசம் அணிந்து பழகியிருந்தார். ஆட்டத்தில் அணியப் பிளேக்தான் அனுமதிக்கவில்லை. காலடியில் கிடக்கும் வட்டு தெரியாமல் போகும் என்பது அவர் வாதம். பார்ப்பவர்கள் கோழைத்தனம் என்பார்கள் என்ற கவலையும் இருந்தது. அன்று பிளான்ட், கவசம் இல்லாமல் திரும்ப வர முடியாது என்று உறுதியாகச் சொன்னார். காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிளேக் இறங்கி வந்தார். தையல் போட்ட முகத்தின் மேல் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றார் பிளான்ட். கனடியன்ஸ் 3–1 என்று வென்றது.

பாத்கேட் வேண்டுமென்றே அடித்தாரா என்றும் கேட்பார்கள். அதற்குச் சற்று முன் பிளான்ட் தன்னை இடறிப் பலகைச் சுவரில் மோதவிட்டதற்குப் பதிலாக அடித்ததுதான் என்று பாத்கேட் பிற்காலத்தில் தானே சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது 'பாத்கேட் பின்னர் சொன்னபடி' என்று சேர்த்து எழுதுவது நேர்மை. தையல்களின் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். சொல்பவருக்குச் சொல்பவர் மாறும் எண் அது, அது இல்லாமலே கதை நிற்கிறது.

அன்றிலிருந்து ஒரு ஆட்டம்கூடக் கவசம் இல்லாமல் ஆடவில்லை என்று எழுதலாமா?

கூடாது. காயம் ஆறியது, நிபந்தனைப்படி கழற்ற வேண்டிய நேரம் வந்தது, அவர் கழற்றவில்லை. அணி வென்றுகொண்டே போனதால் பிளேக்கின் குரலும் தணிந்தது. ஆனாலும் 1960 மார்ச் 8 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிரான ஆட்டத்தில், பிளேக் கேட்டுக்கொண்டதற்காக ஒருமுறை கவசம் இல்லாமல் ஆடினார். கனடியன்ஸ் 0–3 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் கவசம் திரும்பி வந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அந்தப் பருவத்தின் ஸ்டான்லி கோப்பை (என்.எச்.எல். சாம்பியனுக்கான கோப்பை) சுற்றுகளில் கனடியன்ஸ் ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்றது.

இந்த ஒரு ஆட்டம் பல வாழ்க்கைக் குறிப்புகளில் விடுபட்டுப்போகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விவரம். கவசம் அணிந்தால் ஆட்டம் கெடும் என்று சொன்னவருக்கு, பிளான்ட் வாயைத் திறக்காமல் கிடைத்த பதில் அது.

கவசத்தை அவரே கண்டுபிடித்தாரா?

1959இல் அணிந்ததைச் செய்தவர் பில் பர்ச்மோர். கண்ணாடியிழைப் பொருள்கள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒரு ஆட்டத்தில் பிளான்ட் நெற்றியில் அடிபட்டதைப் பார்த்துவிட்டு, முகத்தின் அச்சை எடுத்து அதன் மேல் கண்ணாடியிழையால் கவசம் வார்த்துத் தரலாம் என்று அவராக முன்வந்தார். அடுத்த வடிவத்தையும் அவரே செய்தார். பிளான்ட் தன் சொந்த நிறுவனத்தின் வழியாகக் கவசங்கள் தயாரித்து விற்றது பல ஆண்டுகளுக்குப் பிறகு. மூன்றையும் ஒன்றாக்கி 'கண்டுபிடித்தார்' என்று எழுதும்போது பர்ச்மோர் மறைந்துபோகிறார், அது நியாயமில்லை.

கவசம் எவ்வளவு காத்தது என்பதற்கு 1970 இறுதிச்சுற்றின் முதல் ஆட்டமே சாட்சி. அப்போது அவர் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியில். பாஸ்டன் அணியின் பிரெட் ஸ்டான்ஃபீல்ட் அடித்து, பில் எஸ்போசிட்டோவின் மட்டையில் பட்டுத் திசை மாறிய வட்டு நெற்றியைத் தாக்கியது. கவசம் உடைந்தது, பிளான்ட் நினைவிழந்தார். கவசம் இல்லையென்றால் உயிர் போயிருக்கும் என்று பிறகு அவரே சொன்னார்.

1959 நவம்பர் 1 என்று போட்டு ஒரு படம் சுற்றுகிறது. அது உண்மையா?

படத்தில் கவசத்தைப் பாருங்கள். அன்று அணிந்தது முகத்தோடு ஒட்டிய, தோல் நிறத்துக்கு நெருங்கிய, கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் துளை விட்ட முழுத்தகடு. முறுக்கு பிழிந்தது போலக் கண்ணாடியிழைப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கவசம் 1960இல் வந்தது. பட்டைக் கவசத்தோடு இருக்கும் படத்துக்கு 1959 என்று தேதி போட்டிருந்தால் தேதி தவறு.

ஸ்டான்லி கோப்பை ஐந்தா, ஆறா?

ஆறு. 1956 முதல் 1960 வரை தொடர்ச்சியாக ஐந்து. அதற்கு முன் 1953இல் ஒன்று. 'தொடர்ச்சியாக' என்ற சொல் உதிர்ந்தால் ஐந்து என்ற எண் மட்டும் மிஞ்சும், குழப்பம் அங்கிருந்துதான்.

1953 கோப்பையில் அவர் பங்கு சிறியது, ஆனால் கனமானது. அரையிறுதியில் சிகாகோவிடம் கனடியன்ஸ் 2–3 என்று பின்தங்கியிருந்தபோது, தொப்பியைத் தடுத்த அதே இர்வின், அனுபவமுள்ள ஜெரி மெக்நீலை உட்காரவைத்து 24 வயதுப் பிளான்ட்டை இறக்கினார். அவர் அந்த முதல் ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை. அடுத்ததையும் அணி வென்றது. இறுதிச்சுற்றைத் தொடங்கியது பிளான்ட், முடித்தது மெக்நீல்.

வெசினா விருதை ஏழு முறை வென்றார் என்றால், ஏழு ஆண்டுகள் சிறந்த கோல்காப்பாளர் என்று பொருளா?

கேட்கத் தகுந்த கேள்வி. விருதின் பெயர் அப்படியே இருக்க, அதன் விதி இடையில் மாறிவிட்டது. இன்று வெசினா விருது அணிகளின் பொது மேலாளர்கள் வாக்களித்துத் தருவது. 1981–82க்கு முன் வாக்கெடுப்பே கிடையாது. பருவத்தில் மிகக் குறைவாகக் கோல் விட்ட அணியின் கோல்காப்பாளருக்கு அது தானாகப் போகும். பிளான்ட் 1956 முதல் 1960 வரை ஐந்து முறையும், 1962இலும், 1969இல் கிளென் ஹாலோடு பகிர்ந்தும் வென்றார். ஏழு என்பது இன்றும் சாதனைதான். ஆறு வென்ற பில் டர்னன் அவருக்கு அடுத்து. 'குறைவாகக் கோல் விட்ட அணிக்கான அன்றைய விதிப்படி' என்று சேர்த்தால் போதும்.

வாக்கெடுப்பில் அவர் மதிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் 1962ஐப் பாருங்கள். லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு கோல்காப்பாளர் அதை வெல்ல 35 ஆண்டுகள் ஆயின. 1997இல் டொமினிக் ஹாஷெக். ஹார்ட் வென்ற முதல் கோல்காப்பாளர் பிளான்ட் என்று எழுதுகிறார்கள், அவர் நான்காமவர். ராய் வொர்ட்டர்ஸ், சக் ரெய்னர், ஆல் ராலின்ஸ் மூவரும் முன்னவர்கள்.

அந்த வெசினாவுக்கு 22 பிள்ளைகளாமே?

ழார்ழ் வெசினா, கனடியன்ஸ் அணிக்கு 1910 இறுதியிலிருந்து 1925 வரை ஓர் ஆட்டமும் தவறாமல் ஆடி, காச நோயால் 1926இல் இறந்தவர். விருது அவர் நினைவாக வைத்தது. பிள்ளைகள் இரண்டு பேர். அணியின் நிர்வாகி லியோ டாண்டுரண்ட் செய்தியாளர்களிடம் வேடிக்கையாகச் சொன்ன 22 என்ற எண், அச்சேறி, பல பத்தாண்டுகள் உண்மையாகவே உலவியது. இளைய மகனின் பெயரில் ஸ்டான்லி உண்டு. 1916இல் அணி முதல் ஸ்டான்லி கோப்பையை வென்ற வேளையில் பிறந்தவன்.

வெற்றிகள் 434 என்று ஒரு புத்தகத்தில், 437 என்று இன்னொன்றில். எது சரி?

இரண்டும் அச்சில் வந்தவை. இன்று லீக்கின் கணக்கு 437. பழைய ஆட்ட ஏடுகளைப் பின்னாளில் மீண்டும் சரிபார்த்தபோது எந்த ஆட்டத்தின் முடிவு எந்தக் கோல்காப்பாளருக்குச் சேரும் என்பதில் திருத்தங்கள் வந்தன. 434 என்று பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியவர் அந்த நாளுக்குச் சரியாகவே எழுதினார். எனவே எண்ணைத் தனியாக எடுத்துக்கொள்ளாமல், எந்த ஆண்டு வந்த தொகுப்பு என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் ஒருவருக்குக் கூட்டும், இன்னொருவருக்குக் குறைக்கும். இன்னொரு கோல்காப்பாளரான டெரி சாச்சக்கின் வெற்றிகள் நெடுங்காலம் 447 என்று இருந்தன, இப்போது 445. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2000 அக்டோபரில் கோல்காப்பாளர் பத்ரிக் ருவா தன் 448ஆவது வெற்றியால் சாச்சக்கின் சாதனையை முறியடித்தார் என்று அரங்கமே எழுந்து கொண்டாடியது. இன்றைய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் 446ஆவது வெற்றியிலேயே சாதனை விழுந்திருக்க வேண்டும். அதற்காக அன்றைய செய்தியைத் 'தவறு' என்று திருத்தக் கூடாது. அன்று எல்லார் கையிலும் இருந்த ஏடு 447 என்றே சொன்னது. நடந்ததை அன்றைய எண்ணோடு எழுதி, இன்றைய எண்ணை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள்.

437 என்பதில் ஸ்டான்லி கோப்பைச் சுற்று வெற்றிகளும் சேர்த்தியா?

இல்லை. வழக்கமான பருவம் வேறு, கோப்பைச் சுற்று வேறு. பிளான்ட்டுக்கு வழக்கமான பருவங்களில் 837 ஆட்டங்கள், 437 வெற்றிகள், கோல் விடாத ஆட்டங்கள் 82. கோப்பைச் சுற்றுகளில் 112 ஆட்டங்கள், 71 வெற்றிகள், கோல் விடாதவை 14. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவது பிழைகளில் பெரிய பிழை, ஏனென்றால் அதை வேறு எந்தப் பட்டியலோடும் ஒப்பிட முடியாது.

சமநிலை ஆட்டங்கள் இவ்வளவு இருக்கின்றனவே என்றும் வியப்பார்கள். அவர் என்.எச்.எல்.லில் ஆடிய காலம் முழுவதும் வழக்கமான பருவத்தில் கூடுதல் நேரம் கிடையாது. அறுபது நிமிடத்தில் சமன் என்றால் சமன்தான். 1961–62 பருவத்தில் அவர் 42 வெற்றி, 14 தோல்வி, 14 சமநிலை. கூட்டினால் 70, அணி ஆடியதும் 70. ஓர் ஆட்டத்தையும் அவர் தவறவிடவில்லை என்று இந்தக் கூட்டலே சொல்லிவிடுகிறது. கிடைத்த எண்களை இப்படி ஒருமுறை கூட்டிப் பார்க்கும் பழக்கம் எத்தனையோ அச்சுப்பிழைகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

சராசரி 2.38 என்கிறார்கள். எதன் சராசரி?

அறுபது நிமிட ஆட்டத்துக்கு விட்ட கோல்கள். விட்ட கோல்களை அறுபதால் பெருக்கி, ஆடிய நிமிடங்களால் வகுக்க வேண்டும். மேலே தொப்பிக் கதையில் வந்த மூன்று ஆட்டங்களை எடுங்கள்: 180 நிமிடங்கள், 4 கோல்; 240ஐ 180ஆல் வகுத்தால் 1.33. குறைந்தால் நல்லது என்பதை மறந்து, பெரிய சராசரி உள்ளவரைச் சிறந்தவராக வரிசைப்படுத்திய ஒரு வினாடி வினாத் தாளையே பார்த்திருக்கிறேன்.

தடுத்த வட்டுகளின் சதவீதம் வேறு அளவு. லீக் அதை அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கியது 1980களில்தான். பிளான்ட்டின் பெயருக்கு எதிரே அந்தச் சதவீதத்தைக் கண்டால், பழைய ஏடுகளிலிருந்து பின்னாளில் தொகுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள். அவர் ஆடிய நாளில் அவரே பார்த்திராத எண் அது.

எப்போது ஓய்வு பெற்றார்? 1965, 1973, 1975 என்று மூன்று ஆண்டுகள் கிடைக்கின்றன.

மூன்றுக்கும் காரணம் உண்டு. 1963 ஜூனில் கனடியன்ஸ் அவரை ரேஞ்சர்ஸுக்கு மாற்றியது. இரண்டு பருவங்களுக்குப் பிறகு 1965இல் ஓய்வை அறிவித்தார். அந்த டிசம்பரில் மான்ட்ரியலில் சோவியத் தேசிய அணிக்கு எதிராக ஜூனியர் அணி ஒன்றுக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடி 2–1 என்று வென்றது தனிக்கதை. 1968இல் செயின்ட் லூயிஸ் அணிக்காகத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு, நாற்பது வயதில், ஏழாவது வெசினா. பிறகு டொராண்டோ, அங்கே 1970–71இல் சராசரி 1.88. 1973 மார்ச்சில் பாஸ்டன் அணிக்குப் போனார். அந்தப் பருவத்தோடு என்.எச்.எல். முடிந்தது.

1974–75இல், என்.எச்.எல்.லுக்குப் போட்டியாக இருந்த டபிள்யூ.எச்.ஏ. (உலக ஹாக்கி சங்கம்) லீக்கில் எட்மன்டன் ஆய்லர்ஸ் அணிக்கு ஆடினார். அடுத்த பருவத்துக்கான பயிற்சி முகாமில் இருந்தபோது இளைய மகன் இறந்த செய்தி வந்தது. அதோடு மட்டையை வைத்துவிட்டார். ஆகவே 'என்.எச்.எல்.லில் கடைசியாக 1973, தொழில்முறையாகக் கடைசியாக 1975' என்று எழுதுங்கள். எட்மன்டன் ஆட்டங்கள் 837இல் சேராது.

1972இல் எதிரணியின் உடைமாற்றும் அறைக்கே போய் உதவினாராமே?

கனடாவும் சோவியத் ஒன்றியமும் மோதிய 1972 தொடரின் முதல் ஆட்டத்துக்கு முன், மான்ட்ரியலில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு சோவியத் அறைக்குள் வந்து, கனடாவின் எந்த ஆட்டக்காரர் எங்கிருந்து எப்படி அடிப்பார் என்று இளம் கோல்காப்பாளர் விளாடிஸ்லாவ் திரெத்யாக்குக்கு பிளான்ட் விளக்கினார். இதைச் சொன்னவர் திரெத்யாக். நன்றியோடு தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். சோவியத் அணி அன்று 7–3 என்று வென்றது.

உதவி கிடைத்தவரே சொல்லும் சாட்சியம் என்பதால் இதை நம்பலாம் என்பது என் முடிவு. 'பிளான்ட்டின் உதவியால்தான் சோவியத் வென்றது' என்பது மட்டும் திரெத்யாக் சொல்லாத முடிவு. அதை நாம் சேர்க்கக் கூடாது.

எல்லாவற்றிலும் குறை கண்டவர், கற்பனை நோய்க்காரர் என்று எழுதலாமா?

கூட ஆடியவர்கள் பலர் அப்படிச் சொன்னார்கள். அதுவும் பதிவில் இருக்கிறது. டொராண்டோவில் அணி தங்கும் ஓட்டலில் ஆஸ்துமா வருகிறது என்று வேறிடத்தில் தங்கினார். ஆனால் இந்தச் செய்தியையும் பக்கத்தில் வையுங்கள்: சில அரங்குகளில் கோல்கூண்டின் குறுக்குக்கம்பி விதிப்படியான உயரத்தில் இல்லை என்று அவர் சொன்னபோது சிரித்தார்கள். அளந்து பார்த்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்தது. வாழ்நாள் முழுதும் ஒரு கூண்டின் முன் நின்றவருக்கு அதன் உயரம் தெரியாமலா போகும்? மூச்சுத்திணறலும் சிறுவயதிலிருந்தே இருந்தது என்பதை மேலே பார்த்தோம். 'கற்பனை' என்று தீர்ப்பு எழுதும் உரிமை நமக்கு இல்லை.

தவறு செய்தால் கோலைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரியும், ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடுவார்கள் என்று அவர் சொன்ன மேற்கோளைப் போடலாமா?

கருத்து அவருடையது என்று பரவலாக ஏற்கப்பட்டது. கூச்சலிடுவோர் எண்ணிக்கை மட்டும் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் என்று பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. மேற்கோள் குறிக்குள் ஒரு பதிப்பைப் பூட்டிவிட வேண்டாம். கருத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுதி, அவர் சொன்னதாக வழங்குவது என்று குறிப்பிடுங்கள்.

இறந்தது கனடாவிலா, சுவிட்சர்லாந்திலா? ஊரும் இரண்டு விதமாக இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில். கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார். 1985இன் பிற்பகுதியில் வயிற்றுப் புற்றுநோய் என்று தெரியவந்தது. 1986 பிப்ரவரி 27 அன்று ஜெனீவா மருத்துவமனையில் இறந்தார். அடக்கம் சியேர் என்னும் ஊரில். இறந்த இடமும் அடக்கமான இடமும் கலந்துபோவதால்தான் இரண்டு ஊர்கள் வருகின்றன.

கியூபெக்கிலிருந்து ஒரு போட்டிக்காக இளம் ஹாக்கி அணி ஒன்று அப்போது சுவிட்சர்லாந்துக்கு வந்திருந்தது. தேவாலயத்திலிருந்து பெட்டியை வெளியே எடுத்து வந்தபோது, அந்தப் பிள்ளைகள் இரு வரிசையாக நின்று மட்டைகளை உயர்த்தி வளைவாகப் பிடித்தார்கள். பெட்டி அதன் கீழாகப் போனது.